சத்தி ரோடு மெட்ரோ: கடைக்காரங்களுக்கு விவரம் தெரிஞ்சவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோவை கணபதியில எங்கப்பா 22 வருசமா வாடகைக் கடையில கிரைண்டர் ரிப்பேர் பண்றாரு. ஷட்டரைத் தூக்கினா நாலடி திண்ணை, அதுக்கப்புறம் ரோடுதான். கொத்த வந்த குழவிக் கல்லெல்லாம் அந்தத் திண்ணையிலதான் வரிசையா இருக்கும். மெட்ரோவுக்காக ரோட்டை அகலப்படுத்தினா முதல்ல போறது அந்தத் திண்ணை.

அவிநாசி ரோடு, சத்தி ரோடு ரெண்டுக்கும் சேர்த்து சுமார் 10,740 கோடி ரூபாய்த் திட்டம். 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவுன்னு 2025 நவம்பர்ல ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிருச்சு. ஆனா திட்டம் மறுபடி வரும்னுதான் எங்க தெருவுல பேசிக்கிறாங்க. கோவைக்கு நல்ல போக்குவரத்து வேணும், அதுல மாற்றுக் கருத்தே இல்லைங்க. இவ்வளவு பணத்துல ஒரு பகுதியை பஸ்ஸுக்குக் கொடுத்தாலே காந்திபுரத்துல கூட்டம் படியில தொங்காதுங்கிறது என் எண்ணம்.

மனு எழுத உட்கார்ந்திருக்கோம். திட்ட அறிக்கையில பயணிகள் எண்ணிக்கையை எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னு இருக்கிற பக்கங்களைத் தகவல் உரிமைச் சட்டத்துல யாராவது வாங்கியிருக்கீங்களா? இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். 2013 நிலம் எடுப்புச் சட்டத்துல, நிலம் இல்லாட்டியும் மூணு வருசமா அங்கேயே பிழைக்கிறவங்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான்னு இருக்கு. வாடகைக் கடைக்காரங்களுக்கு அது பொருந்துமா? எங்ககிட்ட வாடகை ரசீதும் கரண்ட் பில்லும் மட்டும்தான் இருக்கு. சென்னையில இதே மாதிரி கடையை விட்டுட்டு இழப்பீடு வாங்கினவங்க, என்ன பேப்பர் கொடுத்தீங்கன்னு தயவுசெஞ்சு சொல்லுங்க.