இலந்தை வேலியில் கிடைத்த கூட்டிலிருந்து வந்த பெரிய பூச்சி என்ன?

வேலிக்காரன்:
எங்கள் ஊர் மேலூர் பக்கம், அழகர்மலை அடிவாரம். பங்குனியில் வேலிக்கு இலந்தைக் கிளை வெட்டும்போது புறாமுட்டை அளவில் கல் மாதிரி ஒன்று தொங்கியது. கிளையை வளையம் போட்டுப் பிடித்த காம்பு வேறு. ஏதோ காய் என்றாள் அப்பத்தா. ஆட்டினால் உள்ளே கனமாக உருண்டது. ஓலைப்பெட்டியில் போட்டு மறந்துவிட்டேன்.

போன வாரம் நல்ல மழை. மறுநாள் சாயங்காலம் கூட்டின் ஒரு முனை நனைந்து ஓட்டையாகியிருந்தது, பக்கத்தில் மஞ்சள் நிறப் பூச்சி. இறக்கை விரித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான்கு இறக்கையிலும் கண்ணாடி வைத்த மாதிரி வட்டம். சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரி ஜன்னல் கம்பியில் செம்பழுப்பில் இரண்டு பூச்சிகள் வந்து முட்டின. இவை எங்கிருந்து வந்தன?

நாகமலை:
அட்லஸ் பூச்சிதான். கூகுளில் பாருங்கள்.

பழைய வாத்தியார்:
அட்லஸ் இல்லை. அதன் கண்ணாடி முக்கோணமாக இருக்கும், இறக்கை நுனி பாம்புத் தலை மாதிரி வளையும். உங்களுடையது டசர் பட்டுப்பூச்சி, அந்தீரியா பேரினம். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் இந்த வகைக் கூட்டில்தான் டசர் பட்டு எடுக்கிறார்கள். காம்பும் வளையமுமே போதும், கூட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

வெயில் காலம் முழுக்க உள்ளே கூட்டுப்புழுவாக உறங்கிவிட்டு, மழைக்குத்தான் விழிக்கும். கூடு நனைந்தது மழையால் இல்லை தம்பி, பூச்சி தானே ஒரு திரவம் விட்டுப் பட்டு இழையை இளக்கி வெளியே வரும். சர்க்கரைத் தண்ணீர் வீண், அதற்குக் குடிக்க வாயே இல்லை. புழுவாகத் தின்றதை வைத்து ஒரு வாரம், பத்து நாள் ஓட்டும். உங்களிடம் இருப்பது பெண். அதன் வாசனையைப் பிடித்து வந்தவை ஆண்கள், மீசையைப் பாருங்கள், சீப்பு மாதிரி இருக்கும். ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

வேலிக்காரன்:
திறந்தேன் சார். ஒன்று உள்ளே வந்து விடியும்வரை அதோடு ஒட்டிக்கிடந்தது. இப்போது ஓலைப்பெட்டி முழுக்கத் தட்டையான முட்டைகள், சவ்வரிசியை அமுக்கிவைத்த மாதிரி. அப்பத்தா பெட்டியைத் தரமாட்டேன் என்கிறாள்.

பழைய வாத்தியார்:
முட்டை ஒட்டிய ஓலையை மட்டும் கத்தரித்து இலந்தையிலோ நீர்மருதிலோ கட்டுங்கள். எட்டு, பத்து நாளில் பொரியும். எறும்பு ஏறாத கிளையாகப் பாருங்கள்.