புதுப்பிப்பு: 500 டாலருக்குள் முதல் கைத்துப்பாக்கி, கடைசியில் எதை வாங்கினேன்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. டெக்சாஸில் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போக, எல்லாம் சேர்த்து 500 டாலருக்குள், ரூகர் எல்சிபியா டாரஸ் ஜி3சியா என்று கேட்டிருந்தேன். ஜி3சி வாங்கிவிட்டேன்.

"வாங்கும் முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்" என்ற யோசனைதான் காப்பாற்றியது. கடையில் கையில் பிடித்தபோது எல்சிபி சோப்புக்கட்டி மாதிரி அவ்வளவு சுகமாக இருந்தது, வலு குறைந்த .380 ரகத் தோட்டாதானே, உதை (சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவது) குறைவாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் எடை 300 கிராம்கூட இல்லாததால் உதை முழுவதும் கைக்கே வருகிறது, இருபது தோட்டாவில் கட்டைவிரல் இடுக்கு சிவந்துவிட்டது. ஜி3சி அதைவிட வலுவான 9 மிமீ தோட்டா சுடுவது என்றாலும் கனம் இருப்பதால் அடங்கிச் சுடுகிறது, மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) 12 தோட்டா.

எதிர்பாராதது செலவு. துப்பாக்கி 280 டாலர்தான், அப்புறம் டிரிகரை முழுக்க மூடும் கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறை, தொய்யாத தடித்த பெல்ட், பயிற்சித் தோட்டா, தற்காப்புக்கு ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள தோட்டா) என்று 500ஐத் தாண்டிவிட்டது. முதலில் வாங்கிய மலிவுத் துணி உறை துப்பாக்கியை உருவினதும் வாய் மூடிக்கொண்டது, தூக்கிப் போட்டேன்.

துப்பாக்கியை எடுத்துப்போக உரிமம் வேண்டுமா என்று கேட்டவருக்கு: 2021 செப்டம்பர் முதல் இங்கே 21 வயதானவர்களில் பெரும்பாலோருக்கு அது கட்டாயமில்லை. வேறு சில மாநிலங்களிலும் செல்லும் என்பதால் நான் எடுக்கப்போகிறேன்.