வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி: மாதக் கணக்கு சரியா?

சாட்ஸ்வர்த் சுந்தரி:
தென்னாப்பிரிக்காவில் குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1 முதல் மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு வாரம் ஐந்து நாள், நாளுக்கு 9 மணி நேரம். 28.79 × 45 × 4 போட்டால் 5,182.20 வருகிறது, அந்த வருடம் 5,200 கொடுத்தோம். வீட்டுக்குப் பின்னால் அறையும் மதியச் சாப்பாடும் உண்டு. இது போதுமா? இந்த எண்ணை யார் முடிவு செய்கிறார்கள்? 25.42-இலிருந்து 2024-இல் 27.58, 2025-இல் 28.79. ஒரு வருடம் தாராளம், மறு வருடம் கஞ்சத்தனம்!

கணக்கர்:
போதாது அக்கா. தப்பு அந்த 4-இல் இருக்கிறது. வருடத்துக்கு 52 வாரம், 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 4.333. அப்படியானால் 195 மணி நேரம், 5,614.05 ரேண்ட். மாதம் 414.05 குறைகிறது. அந்த 9 மணியில் ஓய்வாக இருக்கும் உணவு இடைவேளையையும் சேர்த்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அது வேலை நேரம் ஆகாது.

சாப்பாட்டைக் கூலியாகக் காட்ட முடியாது. உணவு, தங்குமிடம், போக்குவரத்து இவற்றுக்கான படிகள், பொருளாகக் கொடுப்பது, போனஸ், டிப்ஸ் எதுவும் 28.79-க்குள் வராது.

பீனிக்ஸ்வாசி:
அறைக்கு 10 விழுக்காடு வரை கழிக்கலாமே? 561.40 போனால் 5,052.65தானே. 5,200 தாராளம்!

கணக்கர்:
கழிக்கலாம், ஆனால் அறை மழைக்கு ஒழுகாமல் நல்ல நிலையில் இருக்க வேண்டும்; சன்னலும் பூட்டக்கூடிய கதவும் வேண்டும்; வேறு குளியலறை இல்லையென்றால் கழிப்பறையும் குளிக்க இடமும் அறையோடு வேண்டும். கராஜில் கட்டில் போட்டுவிட்டு 10 கழிப்பது செல்லாது. பலர் சறுக்குவது சம்பளச் சீட்டில்தான். அந்த வருடத்துக்கு மொத்தம் 5,614.05 என்று எழுதி, அறைக் கழிவைத் தனி வரியில் காட்டுங்கள். வெறும் 5,200 என்று எழுதினால் அது குறைந்த கூலியாகவே படிக்கப்படும். மாதம் 24 மணிக்கு மேல் வேலை என்றால் யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) வேறு: அவரிடமிருந்து 1 விழுக்காடு, உங்களிடமிருந்து 1.

உம்லாஸ் ராஜன்:
எண்ணைப் பற்றி: தேசியக் குறைந்தபட்சக் கூலி ஆணையம் அமைச்சருக்கு ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறது. முதலாளிகள், தொழிற்சங்கங்கள், சமூக அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளோடு தனி நிபுணர்களும் அதில் உண்டு. விலைவாசி, வாழ்க்கைச் செலவு, உற்பத்தித்திறன், சிறு வணிகத்தின் தாங்கும் சக்தி, வேலை பறிபோகுமா என்பது, இத்தனையையும் அவர்கள் எடைபோட வேண்டும் என்பது சட்டம். 2024-இல் சுமார் 8.5 விழுக்காடு, 2025-இல் சுமார் 4.4. இடையில் விலைவாசி உயர்வு தணிந்துவிட்டது, எண் சிறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கஞ்சத்தனம் என்பது கொஞ்சம் அநியாயம்.

தொடக்கம் 2016: பொருளியலாளர் இம்ரான் வலோடியா தலைமையிலான குழு மணிக்கு 20 ரேண்ட் என்றது. 2019 ஜனவரியில் அது அமலானபோது வீட்டு வேலைக்கு அதில் 75 விழுக்காடு, அதாவது 15 ரேண்ட்தான். முழுக் கூலி 2022-இல்தான் வந்தது. பயம் வேலையிழப்பு பற்றியது. என் கருத்தில் அந்த மூன்று வருடம் அதிகம்.

சாட்ஸ்வர்த் சுந்தரி:
நன்றி. விட்டுப்போன மாதங்களுக்கு?

கணக்கர்:
குறைந்ததை நீங்களே இப்போதே கொடுத்துவிடுங்கள். புகார் போனால் அபராதம் குறைவுத் தொகையின் இரு மடங்கு அல்லது மாதக் கூலியின் இரு மடங்கு, எது பெரிதோ அது. 414 குறைந்தாலும் பத்தாயிரத்தைத் தாண்டும். இன்னொன்று: ஒரு நாள் இரண்டு மணி நேரத்துக்குக் கூப்பிட்டாலும் நான்கு மணிக்கான கூலி.