காணொளி விளம்பரத்துக்குப் பார்வை குவிகிறது, எண்ணெய் விற்கவில்லை. எங்கே கோளாறு?

ஈரோட்டுச் செக்கு: மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். ஈரோட்டிலும் திருப்பூரிலும் மட்டும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். 20 நொடிக் காணொளி ஒன்றை ஒரு விளம்பர முகவர் மூலம் யூடியூபில் ஓடவிட்டோம். ஐந்து நொடிக்குப் பிறகு தவிர்த்துவிடக்கூடிய வகை. முகவர் அனுப்பும் அறிக்கையில் பார்வை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. தொலைபேசிதான் அடிக்கவில்லை. கேட்டால், "விளம்பரம் நன்றாகப் போகிறது" என்கிறார். எதை வைத்து நம்புவது?

கணக்குப்பிள்ளை: ஒரு பார்வைக்கு இவ்வளவு தருகிறோம் என்று உங்கள் முகவர் விளம்பர ஏலத்தில் கேட்டிருந்தால், 30 நொடிக்குக் குறைவான காணொளி முழுவதும் ஓடினாலோ, யாராவது அதை அழுத்தினாலோதான் பணம் பிடிப்பார்கள். ஆகவே தவிர்த்தவர்களால் உங்களுக்குச் செலவில்லை. ஆனால் அது ஓடியபோது எதிரே இருந்தது யார் என்பதை அந்த எண் சொல்லாது. கார்ட்டூன் பார்க்கும் குழந்தை தவிர்க்கும் பொத்தானைத் தேடுவதில்லை. விளம்பரம் கடைசிவரை ஓடும், உங்கள் கணக்கில் ஒரு பார்வை ஏறும். முகவரிடம் இரண்டு விவரம் கேளுங்கள்: எந்தெந்தச் சேனல்களில் ஓடியது, எந்தக் கருவிகளில் ஓடியது. தரத் தயங்கினால் முகவரை மாற்றுங்கள்.

திருப்பூர் அக்கா: குழந்தைகள் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்று. நல்லெண்ணெய் விளம்பரம் பார்த்த கையோடு யார் தொலைபேசியை எடுப்பார்கள்? வீட்டில் இருப்பது தீர்ந்த பிறகுதான் பெயர் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் எத்தனையாவது நொடியில் வருகிறது தம்பி?

ஈரோட்டுச் செக்கு: கடைசியில் வருகிறது அக்கா. முதலில் செக்கு சுற்றுவதைக் காட்டுகிறோம்.

திருப்பூர் அக்கா: அப்படியானால் தவிர்த்தவர்கள் யாருக்கும் கடையின் பெயரே தெரியாது. முதல் ஐந்து நொடிக்குள் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுங்கள். தவிர்ப்பவர்களுக்கும் அது காசில்லாமல் போய்ச் சேரும்.

கணக்குப்பிள்ளை: அக்கா சொல்வது சரி. அழைப்பை மட்டும் எண்ணினால் விளம்பரத்துக்கு நியாயம் செய்ததாகாது. பார்வையை மட்டும் எண்ணினால் உங்கள் பணத்துக்கு நியாயம் இல்லை. (தளங்கள் தரும் எண்ணும் வேதவாக்கு அல்ல. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி பார்வை நேரத்தைக் கூட்டிக் காட்டியதை 2016இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது.) உங்களுக்கு இரண்டு ஊர் இருப்பது வசதி. சில வாரம் திருப்பூரில் மட்டும் ஓடவிடுங்கள், ஈரோட்டில் நிறுத்துங்கள். இரண்டு ஊரிலும் முன்பு எவ்வளவு விற்றது, இப்போது எவ்வளவு விற்கிறது என்று கல்லாக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தீபாவளியை ஒட்டி மட்டும் செய்யாதீர்கள். அப்போது எண்ணெய் தானாகவே விற்கும்.

ஈரோட்டுச் செக்கு: அறிக்கை வந்துவிட்டது. பாதிக்கு மேல் டிவித் திரையில் ஓடியிருக்கிறது. சேனல் பட்டியலில் குழந்தைப் பாட்டுகள் நிறைய. டிவியை முழுவதுமாக நிறுத்திவிடலாமா?

கணக்குப்பிள்ளை: குழந்தைச் சேனல்களை இன்றே விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். டிவியை இப்போதைக்கு விட்டுவையுங்கள், வீட்டில் எண்ணெய் வாங்க முடிவு செய்பவரும் அதே டிவியைத்தான் பார்க்கிறார். திருப்பூர்க் கணக்கு வந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.