டி.எஸ்.எச். தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம். லேப் ரிப்போர்ட்டைத் தமிழில் அச்சடிக்கும் வேலை. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் முடிந்து, தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச்சில் நிற்கிறேன். மாதிரித் தாளில் 'தைராய்டு தூண்டும் இயக்குநீர்' (இயக்குநீர் என்றால் ஹார்மோன்) என்று போட்டிருந்தேன். 9.8 வந்திருந்த ஒரு அம்மா, "தூண்டுறது கூடிப்போச்சுன்னா தைராய்டு ஓவரா வேலை செய்யுதா? மாத்திரைய நிறுத்திடவா?" என்கிறார். பக்கத்திலேயே 0.4 முதல் 4 வரை என்று இயல்பளவும் இருக்கிறது. உண்மை நேரெதிர்: தைராய்டு மந்தம், அதனால்தான் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்சைக் கூடுதலாகச் சுரக்கிறது. கட்டத்தில் இரண்டு மூன்று சொல்தான் அடங்கும்.

— லேப்காரன்

முதலில் 'தைராய்டு' எதற்கு? கிரேக்கத்தில் அது கேடய வடிவம். 'கேடயச் சுரப்பி' வழக்கில் உண்டு. ஆனால் கேடயமும் வடமொழி வழி வந்ததே. சங்கச் சொற்கள் தோல், கிடுகு. 'தோற்சுரப்பி' என்றால் வியர்வை நினைவுக்கு வரும். ஆகவே 'கிடுகுச் சுரப்பி ஏவுநீர்'. மூன்றே சொல்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, எங்கட ஊரில கிடுகு எண்டால் பின்னின தென்னோலை. வேலி அடைக்கிறது. கழுத்துக்குள்ள வேலியோ? நாங்கள் படிச்சது 'தைரொயிட்டு', 'ஓமோன்'. பிட்யூட்டரிக்குக் 'கபச்சுரப்பி' எண்டு ஒரு பேர். லத்தீனில சளியாம், அதையும் அப்பிடியே மொழிபெயர்த்து வச்சிருக்கினம்!

— யாழ்ப்பாணத்தான்

'தூண்டு' மீது பழி போடாதீர்கள். நன்றாக எரிகிற விளக்கை யார் தூண்டுவார்? சுடர் மங்கினால்தான் தூண்டுகோலைத் தேடுவோம். தூண்டல் கூடினால் சுடர் மந்தம் என்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேதாரண்யம் கோயிலில் நெய் குடிக்க வந்த எலி தெரியாமல் திரியைத் தூண்டி, மறுபிறவியில் மகாபலி ஆனதே, அங்கும் விளக்கு அணையப் போன நேரம்தான். ஏவுநீரில் இந்த நயம் ஏது?

— வேதாரண்யத்துக்காரி

எலிக் கதை அருமை அக்கா. அந்த அம்மா வீட்டில் டியூப்லைட். 'தைராய்டு தூண்டுநீர், டி.எஸ்.எச்.' என்றே அனுப்புகிறேன். அடியில் சின்ன எழுத்தில்: 'இது கூடினால் பெரும்பாலும் தைராய்டு மந்தம் என்று பொருள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.' மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள், கொஞ்சம் அலுப்போடு.

— லேப்காரன்

அனுப்புமுன் ஒன்று. தைராய்டைத் தூண்டும் நீர், இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஒற்று மிகாது. 'தைராய்டுத்' என்று அச்சேற்றிவிடாதீர்கள். கிடுகை நான் இன்னும் கைவிடவில்லை.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்