புதுப்பிப்பு: ஆணுறுப்பு வளையம், எந்த அளவு, எந்தப் பொருள்

நீரிழிவு வந்தபின் விறைப்பு நிலைப்பதில்லை, அதைத் தக்கவைக்க உறுப்பின் அடிப்பாகத்தில் போடும் வளையம் வாங்கினால் சிலிகானா உலோகமா, அளவு எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். ஜார்ஜ்டவுனில் ஒரு சிறுநீரியல் மருத்துவரிடம் பேசிவிட்டேன். நம் ஆட்கள் பலர் வெட்கத்தில் கேட்காமலே விடுகிறார்கள், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

உலோகம் வேண்டவே வேண்டாம். உறுப்பு வீங்கினால் அது விரியாது, மருத்துவமனையில் வளையத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். மிருதுவான சிலிகான் இழுபடும், சிக்கினாலும் வெட்டி எடுப்பது சுலபம். நீர் சார்ந்த மசகு தடவிப் போடுங்கள்.

அளவுக்குத் தையல் டேப் போதும். விறைப்பில் இருக்கும்போது அடிப்பாகத்தைச் சுற்றி அளந்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சுற்றளவு 12 செ.மீ. என்றால் விட்டம் சுமார் 3.8 செ.மீ. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடுங்கள்.

30 நிமிடத்துக்கு மேல் கூடாது, போட்டபடி தூங்கவும் கூடாது. மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ, நிறம் மாறினாலோ உடனே கழற்றுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அப்புறம், என்னைப்போல் சர்க்கரை உள்ளவர்களுக்கு உணர்ச்சி குறைந்திருக்கலாம், வலி தெரியாது. கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.