புதுப்பிப்பு: தம்பி வெளியே வந்து நாற்பது நாள்

ஹெராயின் பழக்கத்தோடு சிறைக்குப் போன தம்பி ஒரு வருடம் கழித்து வருகிறான், என்ன ஏற்பாடு செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

'ஒரு வருடம் தொடவில்லை, இனி பயமில்லை' என்று நான் அப்போது எழுதியது தப்பு. உடம்பு பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவே உயிரைப் பறிக்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் போதை மிகுந்து இறக்கும் ஆபத்து அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு என்கிறது. படித்த அன்று தூக்கமே இல்லை.

விடுதலை வெள்ளி மாலை. கிளினிக் திறப்பது திங்கள். ஹெராயின் ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை உள்ளேயே தொடங்கியிருந்தான். இடைப்பட்ட நாட்களுக்கும் கொடுத்தனுப்பச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கேட்டோம் (யோசனை சொன்னவருக்குத் தனி நன்றி). ஹெராயின் மிகுந்து மூச்சு அடங்கினால் அதை முறிக்கும் நலாக்ஸோன் மூக்கு ஸ்பிரே அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. அம்மாவுக்கும் அடிக்கத் தெரியும்.

நடுவில் ஒரு நாள் சறுக்கினான். நான் கத்தவில்லை. மறுநாள் காலை அவனே வந்து, "அண்ணா, டாக்டரிடம் நீயும் வா" என்றான். சரி என்று போனோம். வேலைதான் இன்னும் கிடைக்கவில்லை.